தசையை எதைக்கொண்டு அளப்பது?



2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆம் தேதி அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஒரு கைமல்யுத்தப் போட்டி நடந்தது. ஒரு பக்கம் 17 வயதுப் பள்ளி மாணவி. மறுபக்கம், ஒன்றன்பின் ஒன்றாக, மூன்று செயற்கைக் கைகள். அந்தக் கைகளை மோட்டார் அசைக்கக் கூடாது, சுருங்கி விரியும் பாலிமர் தசைகளே அசைக்க வேண்டும் என்பதுதான் போட்டியின் கரு. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த யோசெப் பார்-கோஹன் 1999இல் விடுத்த சவால் அது. மனிதக் கையோடு மல்லுக்கட்டி வெல்லும் பாலிமர் கை ஒன்றைச் செய்து காட்டுங்கள் என்று உலகத்து ஆய்வாளர்களை அவர் அழைத்திருந்தார். முதல் கை 26 விநாடி தாக்குப்பிடித்தது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த இரண்டாவது கை 4 விநாடியில் சாய்ந்தது. வர்ஜீனியா மாணவர்கள் செய்த மூன்றாவது 3 விநாடியில். மாணவி மூன்று முறையும் வென்றார். அடுத்த ஆண்டு ஆளோடு மோதவிடுவதை நிறுத்திவிட்டு, இழுவிசையையும் வேகத்தையும் கருவி வைத்து அளந்தார்கள். ஒரு மாணவியின் கையோடு ஒப்பிட்டால் அந்தக் கைகளின் திறன் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது.

ஒன்பது ஆண்டு கழித்து, 2014 பிப்ரவரியில், ‘சயின்ஸ்’ இதழில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. கார்ட்டர் ஹெய்ன்ஸ், ரே பாஃமன் உள்ளிட்டோர் எழுதியது. மீன்பிடிக்கும் நைலான் இழையையும் தையல் நூலையும் முறுக்கிச் சுருளாக்கினால், அதே நீளமும் அதே எடையும் கொண்ட மனிதத் தசை தூக்குவதைப்போல் நூறு மடங்குக்கு மேல் எடையைத் தூக்கும் தசை கிடைக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். நூறில் ஒரு பங்கு என்பது எங்கே, நூறு மடங்கு என்பது எங்கே! ஒன்பதே ஆண்டில் பத்தாயிரம் மடங்கு முன்னேறிவிட்டோமா? இல்லை. இரண்டு செய்தியுமே உண்மை. இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை, அவ்வளவுதான். முதலாவது, ஒரு முழுக் கை தனக்கு வேண்டிய ஆற்றலை வாங்கி, வேண்டிய நேரத்தில், வேண்டிய வேகத்தில் செலவிடுகிறதா என்று பார்த்தது. இரண்டாவது, ஒற்றை இழை எவ்வளவு கனத்தை மேலே கொண்டுபோகிறது என்று பார்த்தது. என்னுடைய வாதம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பாலிமரால் நாம் தசைக்கு ஈடான, தசையை மிஞ்சிய இழையைச் செய்துவிட்டோம். தசையை இன்னும் செய்யவில்லை. இதை ஒப்புக்கொள்ளாமல் தூக்கும் எடையை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டிருப்பதால், இந்தத் துறையில் உண்மையில் தீராத கேள்வி எது என்பதே பொதுமக்கள் கண்ணுக்கு மறைந்துபோகிறது.

முதலில் நம் உடம்பில் இருப்பதைப் பார்ப்போம். பலசாலியின் புஜத்தைத் தமிழில் முறுக்கேறியது என்போம். பேச்சுக்கு அழகாக இருக்கிறது, ஆனால் உள்ளே முறுக்கு எதுவும் நடப்பதில்லை, சறுக்கல்தான் நடக்கிறது. 1954இல் ‘நேச்சர்’ இதழில் ஒரே நேரத்தில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் எழுதியது, மற்றொன்று ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. (இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு கிடையாது.) தசையில் மெல்லிய ஆக்டின் இழைகளும் தடித்த மயோசின் இழைகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சறுக்குகின்றன, எந்த இழையும் தன்னளவில் குறுகுவதில்லை என்பதுதான் இரண்டு கட்டுரைகளின் முடிவும். இரண்டு விரல்களைக் கோத்து உள்ளே தள்ளுவதுபோல. இப்படிச் சறுக்கும் அடுக்கு ஒன்றின் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரான். ஒரு சென்டிமீட்டர் நீளத் தசைநாருக்குள் இத்தகைய அடுக்குகள் நாலாயிரம், ஐயாயிரம் வரிசையாக நிற்கின்றன. மயோசின் இழையிலிருந்து நீளும் ஒரு தலை ஒரு தடவை இழுப்பது பத்து நானோமீட்டருக்குள்தான். கோடிக்கணக்கான தலைகள் மாறி மாறி இழுப்பதால் நம் கை மடங்குகிறது. ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டுள்ள தசை எவ்வளவு விசை தருகிறது என்று கேட்டால், விடை மிகச் சாதாரணமானது. ஒன்றிலிருந்து மூன்றரை கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. அவ்வளவுதான். வெறும் விசை என்ற கணக்கில் தசையைத் தோற்கடிப்பது ஒரு சாதனையே இல்லை.

தசையின் பெருமை வேறொரு கணக்கில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உடலியலாளர் அடால்ஃப் ஃபிக் ஒரு கேள்வி கேட்டார். தசை ஒரு வெப்ப இயந்திரமா? நீராவி இஞ்சினைப்போல, எரித்துச் சூடாக்கி, அந்தச் சூட்டிலிருந்து வேலை வாங்குகிறதா? கணக்கு எளிது. வெப்பத்திலிருந்து வேலை எடுக்கும் எந்த இயந்திரத்துக்கும் சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஓர் உச்சவரம்பு வைக்கிறது. நம் உடம்பு 37 டிகிரி செல்சியஸ். தசை வாங்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கை வேலையாக மாற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், அதைச் செய்ய ஒரு வெப்ப இயந்திரத்தின் சூடான பக்கம் குறைந்தது 140 டிகிரி இருக்க வேண்டும். 140 டிகிரியில் புரதம் வெந்துவிடும். ஆகவே தசை சூட்டை வேலையாக மாற்றவில்லை, வேதியாற்றலை நேராகவே வேலையாக்குகிறது. இந்த வாதம் நூற்றாண்டு கடந்தும் அசையாமல் நிற்கிறது. செயற்கைத் தசை பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய வாதம் இது என்பது என் எண்ணம்.

இனி பாலிமருக்கு வருவோம். ஒரு ரப்பர் பேண்டை உதட்டில் ஒட்டினாற்போல் வைத்துச் சட்டென்று இழுத்துப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரியும். தளரவிட்டால் குளிர்ச்சி தெரியும். இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் கஃப் 1805இல் இதைப் பதிவு செய்தார். அவர் பார்வையற்றவர், தொட்டறிந்தே இதைக் கண்டுபிடித்தார். அவர் கண்ட இன்னொன்று இன்னும் வியப்பானது. எடை கட்டித் தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாமல் குறுகுகிறது, எடையை மேலே தூக்குகிறது. இரும்பு சூட்டில் நீளும், ரப்பர் குறுகும். காரணம், ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் இழுக்கப்படும்போது நேராக நிற்கின்றன. சூடு ஏறினால் அவை நெளியத் துடிக்கின்றன. நெளிந்தால் இரண்டு முனைகளும் நெருங்கித்தானே ஆக வேண்டும்? பாலிமர் தசை என்ற முழுத் துறைக்கும் வித்து இந்த நெளிவில் இருக்கிறது. பின்னாளில் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த ராண்ட்கன், அதற்குப் பதினைந்து ஆண்டு முன்னதாக, 1880இல், ரப்பர் பட்டையின் மேல் மின்னூட்டம் ஏற்றினால் அதன் நீளம் மாறுவதைக் கண்டார். சூடு ஒரு வழி, மின்சாரம் இன்னொரு வழி. இன்றைய இரண்டு பெரிய கிளைகளும் அன்றே முளைவிட்டிருந்தன.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, வேதிப்பொருள். வெர்னர் கூன், அஹரோன் கட்சால்ஸ்கி முதலியோர் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமிலப் பாலிமர் இழை ஒன்றை நீரில் தொங்கவிட்டார்கள். காரம் சேர்த்தால் அது ஊறி நீண்டது, அமிலம் சேர்த்தால் சுருங்கி எடையைத் தூக்கியது. வேதியாற்றலிலிருந்து நேரடியாக வேலை! ஃபிக் சொன்ன தசையின் வழியே இதுதான். பிறகு டோயோயிச்சி டனாகா 1978இல் இத்தகைய கூழ்மங்கள் குறிப்பிட்ட நிலையில் திடீரென்று பல மடங்கு சுருங்குவதைக் காட்டினார். அப்படியிருந்தும் இந்த வழி ஏன் தேங்கிப்போனது? கூழ்மத்துக்குள் நீரும் அயனியும் ஊடுருவித்தான் போக வேண்டும். ஊடுருவல் ஒரு மெதுவான வேலை. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கூழ்மம் சுருங்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால், அதே கூழ்மம் நூறில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் அரை விநாடிக்குள் சுருங்கிவிடும். நம் தசை ஏன் அவ்வளவு நுண்ணிய இழைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் தந்துகிகளை ஓடவிட்டிருக்கிறது என்பது இப்போது விளங்கும். தசையின் வேகம் அதன் இழையில் பாதி, அதற்குச் சோறு கொண்டுபோகும் வழியில் பாதி.

இப்போது அந்த நைலான் இழை. நம் கடலோரத்தில் தூண்டில் இழையை ‘நரம்பு’ என்று சொல்வார்கள். தசையாகப் போகும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்காது. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள நரம்பின் ஒரு முனையை டிரில்லிங் மெஷினில் மாட்டுங்கள். மறுமுனையில் ஓர் எடையைக் கட்டி, எடை சுழலாதபடி தடுத்துக்கொள்ளுங்கள். முறுக்கத் தொடங்கினால் முதலில் ஒன்றும் தெரியாது, எடை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். முறுக்கு ஓர் அளவைத் தாண்டியதும், கயிறு திரிக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் கணம் வரும். இழை இனி நேராக நிற்க முடியாமல் ஓரிடத்தில் சுருண்டுகொள்ளும், அந்தச் சுருள் பக்கத்தில் இன்னொன்றை இழுக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழு நீளமும் ஸ்பிரிங்போல நெருக்கமான சுருளாகிவிடும். இதைச் சூடாக்கி ஆறவைத்தால் வடிவம் நிலைத்துவிடும். எடையைக் கொஞ்சம் கூட்டிச் சுருள்களுக்கிடையே இடைவெளி விழச் செய்துவிட்டு, ஹேர் டிரையரால் சூடான காற்றை ஊதுங்கள். சுருள்கள் ஒன்றையொன்று நெருங்கி எடை மேலே போகும். காற்றை நிறுத்தினால் இறங்கும். நேரான இழை சூட்டில் சில சதவீதமே குறுகும். ஆனால் முறுக்கிய இழைக்குள் மூலக்கூறுகள் சாய்வாகச் சுற்றி நிற்பதால், சூட்டில் இழை பருத்துக் குறுகும்போது அந்த முறுக்கு பிரியப் பார்க்கிறது. சுருளுக்குள் பிரியும் முறுக்கு, சுருள்களை ஒன்றோடொன்று இழுக்கிறது. சில சதவீதம், 49 சதவீதம் வரை பெருகிவிடுகிறது. முறுக்கிய திசைக்கு எதிர்த்திசையில் சுருளைச் சுற்றினால், சூட்டில் அது குறுகாமல் நீளும். கடையில் வாங்கும் நரம்பிலிருந்து இவ்வளவு வேலை வாங்கலாம் என்று கண்டது அழகான அறிவியல். அதில் எனக்கு எள்ளளவும் குறை கிடையாது.

ஆனால் கணக்கைத் தொடர்ந்து போடுவோம். அந்த 2014 கட்டுரையின்படி ஒரு கிராம் இழை ஒரு தடவை சுருங்கும்போது செய்யக்கூடிய அதிகபட்ச வேலை சுமார் இரண்டரை ஜூல். மனிதத் தசையைப்போல் அறுபது மடங்குக்கு மேல். பிரமாதம். செலவு எவ்வளவு? ஒரு கிராம் நைலானை 100 டிகிரி சூடாக்கவே ஏறத்தாழ 170 ஜூல் வேண்டும். போட்டது 170, எடுத்தது இரண்டரை, ஒன்றரை சதவீதம். அந்த அதிகபட்ச வேலையை எடுக்க இதைவிட அதிகச் சூடு தேவை என்பதால் உண்மை நிலை இன்னும் மோசம். மிச்சம் 98 சதவீதம் காற்றில் கரைகிறது. அதுவும் தானாகக் கரைவதில்லை. அடுத்த சுருக்கத்துக்கு முன்னால் இழை ஆறியாக வேண்டும், வேகமாக ஆற வேண்டுமென்றால் தண்ணீரையோ வேறெதையோ அதன்மேல் ஓடவிட வேண்டும். அப்போது இழையின் எடையோடு தண்ணீரின் எடை, பம்பின் எடை, மின்கலத்தின் எடை எல்லாம் சேர்கின்றன. ‘அதே எடையுள்ள மனிதத் தசையைப்போல் நூறு மடங்கு’ என்ற வாசகத்தில் ‘அதே எடை’ என்பது எதை உள்ளடக்குகிறது, எதை விட்டுவிடுகிறது என்று கேட்க வேண்டாமா?

இதற்கு நல்ல மறுப்பு ஒன்று உண்டு. செயல்திறன் குறைவு என்பது ஆற்றலை விலைகொடுத்து வாங்கும்போதுதான் குறை. வெயிலும் தொழிற்சாலைக் கழிவுச் சூடும் சும்மா கிடைக்கின்றன. வெயில் ஏறினால் தானே மூடிக்கொள்ளும் ஜன்னல், சூடு கூடினால் தானே திறந்துகொள்ளும் வால்வு ஆகியவற்றுக்கு மின்சாரமே வேண்டாம், ஒரு நரம்புச் சுருள் போதும். இந்த மறுப்பை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அது எதை நிரூபிக்கிறது என்று பாருங்கள். நரம்புச் சுருளுக்குப் பொருத்தமான வேலை ஜன்னலிலும் வால்விலும் இருக்கிறது, மனிதனின் தோளில் இல்லை என்பதைத்தான். 20 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் இடையே வேலை செய்யும் எந்த வெப்ப இயந்திரமும், இயற்கை விதி அனுமதிக்கும் எல்லை வரை போனாலும், 21 சதவீதத்தைத் தாண்ட முடியாது. தசை அந்த அளவில் அன்றாடம் உழைக்கிறது. சூட்டால் இயங்கும் பாலிமர் எவ்வளவு மேம்பட்டாலும் அதற்கு மேலே ஒரு கூரை இருக்கிறது. வேறு பொருள் தேடினாலும் அந்தக் கூரை உயராது.

மின்சாரத்தால் இயங்கும் பாலிமருக்கு அந்தக் கூரை கிடையாது. ஆகவேதான் ராண்ட்கன் தொட்ட வழி எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. 2000ஆம் ஆண்டில் எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனல் நிறுவனத்தின் ரான் பெல்ரின், ராய் கார்ன்ப்ளூ முதலியோர் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட முடிவுதான் இந்தக் கிளையை உலகறியச் செய்தது. மெல்லிய மீள்சவ்வு ஒன்றை முன்கூட்டியே இழுத்துப் பிடித்து, இரண்டு பக்கமும் வளைந்து கொடுக்கும் மின்வாய் பூசி, மின்னழுத்தம் கொடுத்தார்கள். சவ்வு மெலிந்து, பரப்பில் இரண்டு மடங்குக்கு மேல் விரிந்தது. இது வேறொன்றுமில்லை, பள்ளிக்கூடத்தில் படிக்கும் மின்தேக்கிதான். நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் ஒன்றையொன்று இழுக்கின்றன. இடையில் இருப்பது கண்ணாடியாக இருந்தால் அசையாது, ரப்பராக இருந்தால் நசுங்கும். எவ்வளவு அழுத்தம்? சிலிக்கோன் சவ்வில் ஒரு மைக்ரானுக்கு 100 வோல்ட் வீதம் மின்புலம் கொடுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டரில் இரண்டரை கிலோவுக்குச் சற்று மேல். மனிதத் தசையின் இழுப்போடு ஏறத்தாழ ஒரே தட்டில் நிற்கிறது. வேகத்தில் பல நேரம் தசையை மிஞ்சுகிறது. இன்னொரு விஷயத்திலும் இது நம் தசையை வெல்கிறது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றாலே நமக்குக் களைக்கிறது, எடை ஓர் அங்குலம்கூட நகராவிட்டாலும் மயோசின் தலைகள் பற்றியும் விட்டும் ஆற்றலைத் தின்றுகொண்டே இருக்கின்றன. மின்தேக்கிச் சவ்வுக்கு அந்தக் களைப்பு இல்லை. ஒருமுறை மின்னூட்டம் ஏறிவிட்டால், அதே நிலையில் பிடித்துவைக்க ஏறத்தாழச் செலவே இல்லை.

பிறகு ஏன் 2005இல் சுவிஸ் கை தோற்றது? அதற்குள் 250க்கு மேற்பட்ட இத்தகைய சவ்வுச் சுருணைகள் இருந்தன. சிக்கல் அந்த 100 வோல்ட்டில் இருக்கிறது. தலைமயிரை ஒத்த 50 மைக்ரான் தடிமனுள்ள சவ்வுக்கு 5,000 வோல்ட் வேண்டும். மின்னோட்டம் மிகக் குறைவு என்றாலும் அந்த வோல்ட்டை உண்டாக்கும் சுற்று, அதைத் தடுக்கும் உறை எல்லாம் இடத்தையும் எடையையும் பிடிக்கின்றன. சவ்வை 10 மைக்ரானாக மெலியச் செய்தால் 1,000 வோல்ட் போதும். ஆனால் மெல்லிய சவ்வில் தூசியின் ஒரு துணுக்கு, ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் அங்கே பொறி பாய்ந்து முழுத் தசையும் செத்துவிடும். அதோடு இந்தச் சவ்வுக்கு இயற்கையாகவே ஒரு தற்கொலைக் குணமும் உண்டு. அது மெலிய மெலிய அதே வோல்ட் இன்னும் கடுமையான மின்புலமாகிறது, மின்புலம் கடுமையாகக் கடுமையாக அது இன்னும் மெலிகிறது, ஒரு கட்டத்தில் கட்டுமீறி ஓட்டையாகிவிடுகிறது. முன்கூட்டியே இழுத்துப் பிடிப்பதன் பயன்களில் ஒன்று இதைத் தள்ளிப்போடுவது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃப் கெப்ளிங்கரின் குழு 2018இல் இதற்கு ஒரு அழகான மாற்றுவழி காட்டியது. சவ்வுக்குப் பதில் எண்ணெய் அடைத்த பாலிமர்ப் பை. மின்வாய்கள் நெருங்கும்போது எண்ணெய் பிதுங்கி ஓடிப் பையை உப்பவைக்கிறது. பொறி பாய்ந்தாலும் எண்ணெய் திரும்ப ஓடிவந்து அந்த இடத்தை மூடிக்கொள்கிறது, தசை மறுபடி வேலைக்கு வருகிறது. இந்தத் துறையில் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த மிக முக்கியமான அடியாக நான் இதைத்தான் சொல்வேன். தூக்கும் எடைக்காக இல்லை, காயம் ஆறுவதற்காக.

இனி, என் வாதத்தின் அடிப்படையையே கேட்கும் மறுப்பு ஒன்று. எதற்காகத் தசையோடு ஒப்பிட வேண்டும்? பறவையைப்போல் சிறகடிக்க முயன்ற வரை மனிதன் பறக்கவில்லை. செயற்கைத் தசையும் தன் வழியில் போகட்டுமே? நியாயமான கேள்வி. ஆனால் இந்த ஒப்புமையைக் கொண்டுவந்தவன் நான் இல்லை. ‘தசை’ என்று பேர் வைத்தவர்களும், ‘மனிதத் தசையைவிட நூறு மடங்கு’ என்று எழுதியவர்களும்தான் கொண்டுவந்தார்கள். தசையை ஒதுக்கிவிட்டால் அதன் இடத்தில் மின்மோட்டார் வந்து நிற்கும். நல்ல மோட்டார் வாங்கும் மின்சாரத்தில் 80, 90 சதவீதத்தை வேலையாக்குகிறது, ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது, மூலைக்கடையில் கிடைக்கிறது. அதோடு போட்டியிட்டால் பாலிமர் இன்னும் மோசமாகத் தோற்கும். பாலிமருக்கு உரிய இடம், மோட்டாரும் பல்சக்கரமும் நுழைய முடியாத இடம். மிகச் சிறியது, மென்மையாக இருக்க வேண்டியது, மோதினால் உடையக் கூடாதது. 2019இல் ஹார்வர்டில் மென்மையான பாலிமர் தசைகளால் சிறகடித்த சிறு ரோபோ, சுவரில் மோதியும் சேதமில்லாமல் பறந்தது. ஆனால் அதற்கு மின்சாரம் வெளியிலிருந்து கம்பி வழியாகப் போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த வாதத்துக்கு மிகத் தெளிவான சாட்சி கடலுக்கடியில் இருக்கிறது. 2021இல் சீனாவின் ஜெஜியாங் ஆய்வாளர்கள், ஆழ்கடல் நத்தைமீனைப் பார்த்துச் செய்த ஒரு மென்ரோபோவை மரியானா அகழியில் 10,900 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வளிமண்டலத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் அழுத்தம். மோட்டாரைக் கொண்டுபோவதென்றால் அந்த அழுத்தத்தைத் தாங்கும் கனமான உலோகக் கூடு வேண்டும். இந்த ரோபோவுக்குக் கூடே இல்லை. மின்னணுப் பாகங்களைப் பிரித்துப் பிரித்துச் சிலிக்கோனுக்குள் பதித்துவிட்டார்கள், துடுப்பை அசைப்பது மின்தேக்கிச் சவ்வு, மின்கலமும் உடம்புக்குள்ளேயே. எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தப்படும் மென்மையான பொருளுக்கு நசுங்க வேண்டிய அவசியம் இல்லை. அகழியின் அடியில் அது தன்னை இறக்கிய கலத்தோடு இணைந்த நிலையில் துடுப்பசைத்தது. தென்சீனக் கடலில் 3,224 மீட்டர் ஆழத்தில் தன்னிச்சையாக நீந்தியது. அது எத்தனை கிலோ தூக்கியது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

எழுபது ஆண்டுகளாக வாக்குறுதிதானே, கடையில் எதுவும் வரவில்லையே என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. முற்றிலும் சரியில்லை. ஜோசஃப் மெக்கிபன் என்ற இயற்பியலாளர், லாஸ் அலமாஸில் பணியாற்றி முதல் அணுகுண்டுச் சோதனையில் பங்கு பெற்றவர், இளம்பிள்ளை வாதத்தால் கை செயலிழந்த தன் மகளுக்காக 1950களில் ஒரு காற்றுத் தசையைச் செய்தார். ரப்பர்க் குழாய், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய உறை. வாயுவை ஏற்றினால் குழாய் உப்பும், பின்னல் அந்த உப்பலை நீளக் குறுக்கமாக மாற்றும். அதன் வாரிசுகளை ஜெர்மனியின் ஃபெஸ்டோ நிறுவனம் இன்றும் தொழிற்சாலைகளுக்கு விற்கிறது. லேசர் ஒளியின் பொட்டுப்பொட்டான சிதறலை மறைக்கும் சிறு சாதனங்களில் மின்பாலிமர்ச் சவ்வு விற்பனைக்கு வந்துவிட்டது. வராதது செயற்கைக் கை, செயற்கைக் கால். வரும் என்று சொல்லிச் சொல்லி ஆசை காட்டியதும் அவற்றைத்தான். கையிழந்த ஒருவர் ‘நூறு மடங்கு வலிமை’ என்ற தலைப்பைப் படிக்கும்போது, அடுத்த ஆண்டு தனக்கு ஒரு கை வரும் என்றுதான் நினைப்பார். அவருக்கு நூறு மடங்கு வலிமை தேவையே இல்லை. சட்டைப் பித்தானைப் போட, காலையிலிருந்து இரவு வரை ஒரே மின்கலத்தில், சத்தமில்லாமல், லட்சக்கணக்கான தடவை மடங்கி நிமிரும் விரல்தான் தேவை. அவரை ஏமாற்றும் தலைப்பு எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது.

ஆகவே அடுத்த முறை இப்படியொரு செய்தி கண்ணில் பட்டால் சில கேள்விகளைக் கேளுங்கள். ஒரு தடவை சுருங்க எவ்வளவு ஆற்றல் வாங்கியது? ஆற்றலைக் கொடுத்த பெட்டியையும் சேர்த்து எடை போட்டார்களா? எத்தனை தடவை சுருங்கிய பிறகு அறுந்தது? அறுந்தால் தானே ஆறுமா? எவ்வளவு சுருங்கியிருக்கிறோம் என்று அதற்கே தெரியுமா? நம் தசைக்குள் நீட்சியை உணரும் தசைக்கதிர்கள் என்ற நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிவது அவற்றால்தான். மின்தேக்கிச் சவ்வுக்கு இதிலும் ஒரு வாய்ப்பு உண்டு. அது விரியும்போது அதன் மின்தேக்குதிறன் மாறுவதால், இயக்கும் கம்பியாலேயே அதன் நிலையையும் படித்துவிடலாம். இந்த வேலையில் இருக்கும் ஆய்வாளர்கள் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வருவதில்லை. வர வேண்டியவர்கள் அவர்கள்.

நம் கல்லூரி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தத் துறையில் இறங்க விலையுயர்ந்த கூடம் வேண்டியதில்லை. ஒரு சுருணைத் தூண்டில் நரம்பு, ஒரு டிரில்லிங் மெஷின், சூடேற்ற ஒரு மெல்லிய கம்பி, அளவுகோல், வெப்பமானி, வோல்ட்மீட்டர், அம்மீட்டர் இருந்தால் முதல் சோதனையை இந்த வாரமே செய்யலாம். செய்யுங்கள். ஆனால் முடிவுகளை எழுதும் அட்டவணையில் எத்தனை கிராம் தூக்கியது என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை ஜூல் வாங்கியது, எத்தனையாவது சுருக்கத்தில் அறுந்தது. அந்த இரண்டையும் நிரப்பாமல் அட்டவணையை யாருக்கும் அனுப்பாதீர்கள்.